மார்பளவு உயரத்தில்

மரத்தின் சுற்றளவை
மார்பளவு உயரத்தில் எடுக்க வேண்டும் என்கிறது விதி.
யாருடைய மார்பு என்று சொல்லவில்லை.
ஒன்று புள்ளி மூன்று ஏழு மீட்டர் என்பதோடு சரி.
எனக்கு அது மோவாய்க்கட்டை.
கொருக்குப்பேட்டையில்
சரக்கு ரயில் பாதையை ஒட்டிய தெருவில்
பதினான்கு மரங்களையும்
கன்னம் உரச அளந்தேன்.

ஐந்தாவது தூங்குமூஞ்சி.
கை எட்டாமல்
டேப்பின் மறுமுனையை தேசப்பன் பிடித்துக்கொண்டார்.
வெட்டப்போகிறவரும் அவர்தான்.
ஏழாவதில் ஒரு கேரம் மன்றத்தின் தகரப் பலகை
பாதி மரத்துக்குள் போயிருந்தது.
தொடங்கிய வருடத்தைப் பட்டை விழுங்கிவிட்டது.
குறிப்பு என்ற கட்டத்தில்
'உள்ளே உலோகம், ரம்பத்துக்கு ஆபத்து' என்று எழுதினேன்.

ஒன்பதாவது பூவரசு.
கிளையெல்லாம் பழைய டியூப்,
அடியில் ஷஃபியுல்லாவின் பஞ்சர் கடை.
ஆட்சேபணை இருந்தால்
ஏழு நாளைக்குள் எழுதித் தரலாம் என்றேன்.
எழுதினா நிக்குமாம்மா?
விசாரிப்பாங்க.
என்னையா, மரத்தையா?

அனுமதி வந்தது.
மழைநீர் வடிகாலுக்காகப் பதினான்கு,
ஒன்றுக்குப் பத்து வீதம் நூற்று நாற்பது கன்று,
ஆறு மாதத்தில் ஆய்வு.
கூடு இருப்பின்
குஞ்சு பறக்கும்வரை காத்திருக்கவும் என்றொரு வரி.
காக்கா பறவைக் கணக்குல வருதா மேடம் என்று
கான்ட்ராக்டர் போன் செய்தார்.
வரும் என்றேன்.
பத்து நாள் என்மேல் கோபமாக இருந்தார்.

ஆறு மாதம் கழித்து
எண்ணூர் போகும் சாலையில் இறங்கினேன்.
துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள்
ஒன்றன் வாலில் ஒன்றாக நின்றன.
அவற்றின் நிழலில்
நூற்று நாற்பது மூங்கில் கூண்டுகள்,
ஒன்றுகூடக் குறையவில்லை.
கன்றுதான் முப்பத்தொன்று.
இலைமேல் சாம்பலைத் தேய்த்துப் பார்த்தால்தான்
புங்கையா வாகையா என்று தெரிந்தது.
ஒரு கூண்டில் யாரோ கோழி அடைத்திருந்தார்கள்.
அது நன்றாக இருந்தது.
எருக்கையும் சேர்த்துக்கிட்டா நாற்பது காட்டலாமே என்றார்
கூட வந்த மேஸ்திரி.
எருக்கை யாரும் நடவில்லை என்றேன்.
அதான் பொழைச்சிருக்கு என்றார்.

திரும்பும் வழியில் கொருக்குப்பேட்டை.
பதின்மூன்று இடத்தில் சிமென்ட் மூடி.
ஒன்பதாவது இடத்தில் அடிக்கட்டை.
கீழே கேபிள் போவுதுன்னாங்கம்மா,
கையை வைக்கல என்று தேசப்பன் முன்பே சொல்லியிருந்தார்.
கட்டையின்மேல் ஷஃபியுல்லா
ஓட்டை பார்க்கும் தண்ணீர்த் தொட்டியை வைத்திருந்தார்.
ஒவ்வொரு டியூபுக்கும் கொஞ்சம் வழிகிறது.
வழிந்த பக்கத்தில்
ஏழு துளிர்.

என் பாரத்தில் வெட்டியதற்கு ஒரு பக்கம்,
நட்டதற்கு ஒரு பக்கம்.
வெட்டியும் நடாமலும் வந்ததற்கு இடமில்லை.
'வேருடன் அகற்றப்படவில்லை' என்று எழுதினால்
தேசப்பனுக்கு நாலாயிரத்து இருநூறு நின்றுபோகும்.
அடுத்த வாரம் ஜேசிபி வரும்.
எழுதாமல் விட்டால்
பார்த்ததை எழுதவில்லை என்று ஆகும்.
பதினோரு வருட வேலையில்
அப்படி ஒரு நாள்கூட இல்லை.

டேப்பை எடுத்தேன்.
விதிப்படி
ஒன்று புள்ளி மூன்று ஏழுக்கு உயர்த்திப் பிடித்தேன்.
மோவாய்க்கு நேரே
வெயிலும் ரயில்வே காம்பவுண்டும் தெரிந்தன.
துளிர் என் முழங்காலுக்குக் கீழே
தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மரம் எண் ஒன்பது.
மார்பளவு உயரத்தில்: ஏதுமில்லை.
தேதி, கையெழுத்து.

இன்னாம்மா எழுதின என்றார் ஷஃபியுல்லா.
ஒண்ணுமில்லன்னு எழுதினேன்.
அவர் கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பிறகு ஒரு சைக்கிள் டியூபைத்
தண்ணீரில் அமுக்கி மெல்லச் சுற்றினார்.
ஓரிடத்தில் குமிழி வந்தது.
அங்கே சாக்பீஸால் ஒரு குறி போட்டுக்கொண்டார்.